மொறிஸ் மைனர் 1000: சூடானதும் இருமி நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பப்பா வாங்கிய மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சிசி எஞ்சின். எஸ்யூ கம்பெனிக் காபரேற்றர், எஸ்யூ மின்சாரப் பெற்றோல் பம்ப், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர் எல்லாம் காரோடு வந்தவை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கொட்டிலில் விட்டோம். இப்போதுதான் மறுபடி றோட்டில் இறக்கியிருக்கிறோம். தாங்கியைக் கழற்றிக் கழுவித்தான் பூட்டினோம், அதில் ஊத்தை இல்லை.

காலையில் சோக்கை இழுத்தால் உடனே ஸ்ராட் ஆகும். அரியாலை, நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கைதடியை நெருங்கும்போது இருமத் தொடங்கும். அக்சிலறேற்றரை மிதித்தால் இன்னும் மோசம். இழுத்து இழுத்துக் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும். பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு அரை மணித்தியாலம் நிழலில் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்ராட் ஆகும்.

மெக்கானிக் பிளக், தீப்பொறிக்கு வோல்டேஜைக் கூட்டும் கொயில், டிஸ்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். மாற்றம் இல்லை. இப்போது காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

கோவை_அம்பாசடர்

தம்பி, ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் இன்ஜின் இப்படி நின்றால் ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லை தீப்பொறி வரவில்லை. இதில் எது என்று வண்டி செத்துக் கிடக்கும்போதுதான் தெரியும். ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உங்கள் மெக்கானிக் ஷெட்டில், ஆறின வண்டியில், ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்திருக்கிறார். அது கண்டுபிடிப்பது ஆகாது.

என் அம்பாசடரில் இருப்பது இன்ஜினோடு சேர்ந்து ஆடும் மெக்கானிக்கல் பம்ப், அது எதுவும் பேசாது. உங்கள் எஸ்யூ பம்ப் பேசும். அடுத்த தடவை வண்டி நின்றதும் செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டுக் காது கொடுங்கள். நாலைந்து தடவை டிக் டிக் என்று அடித்து, வேகம் குறைந்து அமைதியானால், காபரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், பெட்ரோல் பக்கம் பெரும்பாலும் குற்றமில்லை. சத்தமே இல்லை என்றால் கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருக்கலாம், இல்லை பம்புக்குள் இருக்கும் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் அது பெட்ரோலை இழுக்கவில்லை, காற்றை இழுக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள், ஈரமா காய்ந்திருக்கிறதா என்று. அதே பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் படும்படி வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். டேங்க் மூடியையும் அப்போதே திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது.

காரைநகர்க்காரி

இது வேப்பர் லொக் தான், பெற்றோல் சூட்டில் ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது. ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 இல் டிக்கிக்குள் எப்போதும் ஒரு ஈரச் சாக்குக் கிடக்கும். கார் நின்றால் பம்ப்பின் மேல் சாக்கு, எங்களுக்கு நெல்லிக்குளிசை ஆளுக்கு ஒன்று, பிறகு பயணம்.

மைனரில் நிலைமை இன்னும் மோசம். அந்த ஏ வரிசை எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கத்தில். காபரேற்றர் இருப்பது எக்ஸோஸ்ற்றுக்கு மேலே. சித்திரை வெயிலில் ஆனையிறவுப் பக்கம் மெல்லமாகப் போனால் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் கொதிக்காமல் என்ன செய்யும்? வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், கனபேர் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

ஸ்காபரோ_மைனர்

நானும் மைனர் வைத்திருக்கிறேன், 1098 சிசி. பொயின்றையும் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கொயிலின் கரண்டை வெட்டும் தொடுமுனை) அது கருகாமல் காக்கும் கண்டென்சரையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் போடுங்கள். சூடானதும் நிற்கிறது, ஆறினதும் ஓடுகிறது என்றால் பத்தில் எட்டு கண்டென்சர்தான். இப்போது வருகிற கண்டென்சர்களின் தரம் தெரிந்ததுதானே. புதிதாகப் போட்டதும் பழுதாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் கார் இன்னும் பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின் பிளஸ் முனை காரின் உடம்போடு இணைந்தது) என்றால் அதற்கென்று உள்ள மொடியூலைத்தான் வாங்க வேண்டும். மாறிப் பூட்டினால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

கோவை_அம்பாசடர்

@காரைநகர்க்காரி அக்கா, ஈரத்துணி வைத்தியம் எங்கள் ஊர் டாக்ஸிக்காரர்களுக்கும் அத்துப்படி. பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பதும் பம்ப் டயாஃப்ரம் விறைத்துப்போவதும் வேறு சேர்ந்திருக்கிறது. ஆனால் ஈரத்துணி போட்டு வண்டி ஓடியதென்றால், அது எதை நிரூபித்தது? துணி போட்டுக் காத்திருந்த கால் மணி நேரத்தில் கண்டென்சரும் ஆறியிருக்கும், காயிலும் ஆறியிருக்கும். துணியைப் போட்டுவிட்டு உடனே அடித்துப் பார்த்தால்தான் அது சாட்சி.

@ஸ்காபரோ_மைனர், நீங்கள் சொல்வது கண்டென்சராகவே இருந்தாலும் தம்பி இன்னும் தீப்பொறியைப் பார்க்கவில்லையே. பார்க்காமல் மொடியூலுக்குக் காசு கொடுப்பதும் பார்க்காமல் காபரேட்டருக்குக் காசு கொடுப்பதும் ஒன்றுதான்.

ஹெரால்டு_மெட்ராஸ்

சுலபமான வழி சொல்கிறேன். பானெட்டுக்குள் ஒரு பாட்டில் பெட்ரோல் தொங்கவிட்டு, பம்ப் இழுக்கும் ஹோஸை அதற்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்காமல் ஓடினால் குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

கராச்சுக்கிழவர் (சாவகச்சேரி)

போத்தலைத் தொங்கவிடச் சொன்ன தம்பிக்கு: சோதனை சரியான சோதனை. ஆனால் சிவந்து கிடக்கிற எக்ஸோஸ்ற்றுக்கு மேல் பெற்றோல் போத்தலோடு றோட்டில் ஓடச் சொல்லாதீர்கள். இப்படி எரிந்த கார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்வதானால் நிறுத்தி வைத்த காரில், தகரக் கொள்கலனில், எஞ்சினை விட்டுத் தள்ளி, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

மைனர் வைத்திருக்கும் தம்பி முதலில் கோயம்புத்தூர்க்காரர் சொன்னதைப் பார்த்து எழுதட்டும். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

பார்த்துவிட்டு வந்தேன். வழக்கமான இடம்தான், கைதடிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால்.

நின்றதும் சாவியை மட்டும் போட்டேன். பம்ப் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது, தையல் மெஷின் மாதிரி. முன்பும் அடித்திருக்கும், நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டு நின்றதில் கேட்டிருக்காது. பிளக்கில் தீப்பொறி வந்தது, பலமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் வந்தது. பிளக் முனை நன்றாகக் காய்ந்து, கொஞ்சம் வெளிறி இருந்தது. தாங்கி மூடியைத் திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை. அப்படியே மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தும் பம்ப் அடிப்பது நிற்கவில்லை. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு உடனே முயன்றேன், அசையவில்லை. மிதவைக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினால் அடியில்தான் கொஞ்சம் பெற்றோல்.

வெப்பத் தகடு இருக்கிறது, அக்கா.

கோவை_அம்பாசடர்

அப்போது பெட்ரோல்தான். தீப்பொறி இருக்கிறது, கிண்ணம் காலி, பம்ப் காற்றை விழுங்குகிறது. காபரேட்டர் மேல் பழி போட்டவரிடம் இதைக் காட்டுங்கள்: கிண்ணத்துக்குப் பெட்ரோல் வந்து சேராததற்கு காபரேட்டர் என்ன செய்யும்?

குழாய் அடைத்திருந்தால் பம்ப் இவ்வளவு வேகமாக அடிக்காது, திணறும், தொட்டால் சுடும். வேகமாக அடிப்பதால் டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் எங்கோ காற்று நுழைகிறது. அந்தப் பகுதி இழுவையில் இருப்பது, அதனால் பெட்ரோல் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்காது. அதுதான் தொல்லை. ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், ரப்பர் இருக்கும் இடங்களை முதலில்.

கராச்சுக்கிழவர் (சாவகச்சேரி)

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். தொண்ணூறுகளில் இந்தக் கார் எங்கே நின்றது? யாழ்ப்பாணத்தில் ஓடியதென்றால், பம்ப்புக்கு முன்னால் பெற்றோல் குழாயில் மூன்று வாய் இணைப்பு ஒன்று, நாங்கள் ரீ என்பது, இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் இருந்து எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் எங்களுக்குப் போத்தல் கணக்கில்தான், அதுவும் வைத்தியச் செலவு போல எண்ணி எண்ணி. கார்கள், மோட்டார்சைக்கிள்கள், தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் ஆறின எஞ்சினில் ஆவியாகாது, அதனால் பற்றாது. சிரிஞ்சால் காபரேற்றர் வாய்க்குள் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணியவர்கள் அனேகம். கார் வைத்திருந்தவர்களுக்கு என் கராச்சில் இன்னொரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். தாங்கியில் மண்ணெண்ணெய். எஞ்சின் அறையில் சின்ன ரின் ஒன்றில் பெற்றோல். இரண்டையும் ஒரு ரீயில் சேர்த்து, திருகித் திறக்கும் ரப் வைத்து, அங்கிருந்து பம்ப்புக்கு. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் ரப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டியது. நிற்பாட்டப் போகும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கிண்ணத்தை நிரப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் தள்ளத்தான் வேண்டும்.

எஞ்சினுக்கு அது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவோம். சிலர் எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் கெட் காஸ்கெற் இரண்டு போட்டு அமுக்கத்தையும் குறைத்தார்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடிய கார்கள்தான் இவை.

தடை நீங்கியதும் ரின்னைக் கழற்றினார்கள். ரீயைக் கழற்ற மினக்கெட்டவர்கள் குறைவு. ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதன் வாய்க்குள் ஒரு போல்ற்றை விட்டுக் கம்பியால் இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ரப்பருக்கு இப்போது என்ன வயது என்று நினைத்துப் பாருங்கள்.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

ஐயா, இருக்கிறது!

எஞ்சின் அறையின் பின்சுவரில், பற்றரித் தட்டுக்குக் கீழே, கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக்குள் பித்தளை ரீ ஒன்று. ஒரு வாயில் விரல் நீளத்துக்கு ரப்பர் குழாய், அதற்குள் போல்ற், சுற்றிக் கம்பி. எழுத்துக்கு எழுத்து நீங்கள் சொன்னபடியே. ஆறியிருக்கும்போது ரப்பர் கல்லுப் போல இருக்கிறது. சுடுதண்ணீருக்குள் கொஞ்ச நேரம் போட்டு மடக்கினால் வெடிப்பு வாயைத் திறக்கிறது. அம்மாவைக் கேட்டேன். மண்ணெண்ணெயில் ஓடியது உண்மைதானாம், தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தானாம். நான் பிறந்த கதை இந்த இணைப்பில் மாட்டியிருக்கிறது போல.

ரீயை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் புதுக் குழாய் போட்டேன். பம்ப்பின் இரண்டு பக்க ரப்பரையும் மாற்றினேன். இப்போது சாவியைப் போட்டால் சில அடிகளோடு அமைதி. கொடிகாமம் வரை போய் வந்தோம், நிற்கவில்லை.

ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. நன்றாகச் சூடான பிறகு 40 மைலுக்கு மேல் அமுக்கினால் டப் டப் என்று தட்டுத் தடுமாறுகிறது. மெல்லப் போனால் ஒன்றும் இல்லை. முன்பும் இது இருந்திருக்கலாம், அந்த வேகத்தைத் தொடும் முன்னரே கார் நின்றுவிடும் என்பதால் தெரியவில்லை.

காரைநகர்க்காரி

வேப்பர் லொக் கட்சி தோற்றது. சாக்கை மடித்து வைக்கிறேன்.

கோவை_அம்பாசடர்

இப்போது தீப்பொறிப் பக்கம் வருவோம். இரண்டு நோய் ஒரே உடம்பில் இருப்பது பழைய வண்டிகளில் சகஜம், அதிலும் ஒன்று வைத்தியரே கொடுத்ததாக இருக்கும்.

புதிதாகப் போட்ட காயிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது. பிறகு இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டு சிறு முனைகளுக்கும் இடையே எத்தனை ஓம் என்று பாருங்கள். உங்கள் வண்டிக்கு வேண்டியது சுமார் 3 ஓம். கடைகளில் 1.5 ஓம் காயிலும் இருக்கிறது. அது பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் தடை) உள்ள வண்டிகளுக்கானது, ஆறு ஏழு வோல்ட்டில் ஓட வேண்டியது. அதன் பெட்டியிலும் 12 வோல்ட் என்றுதான் போட்டிருப்பான், ஏனென்றால் அது போகும் வண்டி 12 வோல்ட் வண்டி. அதை நேராக 12 வோல்ட்டில் மாட்டினால் கணக்கு என்ன? 3 ஓம் என்றால் 4 ஆம்பியர், 1.5 என்றால் 8 ஆம்பியர். இரட்டிப்பு கரண்ட். காயில் வேகும், பாயின்ட் கருகும், சூட்டில் தீப்பொறி சோரும்.

மைனஸ் பிளஸ்ஸும் பாருங்கள். உங்களது இன்னும் பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால், மைனஸ், பிளஸ் போட்ட காயிலாக இருந்தால் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். தலைகீழாக மாட்டினாலும் ஓடும், ஆனால் பிளக்கில் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கும்.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

புதுக் கொயில் 1.6 ஓம். கை வைக்க முடியவில்லை. வாங்கிய கடையில் கேட்டால் 12 வோல்ட் கொயில்தானே தம்பி தந்தோம் என்கிறார்கள்.

கழற்றிய பழைய லூக்காஸ் கொயிலை மெக்கானிக் எறியாமல் வைத்திருந்தார், நல்லவேளை. அளந்தால் 3.2 ஓம். அதையே திரும்பப் பூட்டிவிட்டேன், வயர் பக்கத்தையும் சரிபார்த்து. பொயின்ற்றைப் பார்த்தால் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு, நீலமாகக் கருகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா, தேய்த்தால் போதுமா?

கராச்சுக்கிழவர் (சாவகச்சேரி)

மாற்றுங்கள். தேய்த்தால் வீட்டுக்கு வந்து சேரலாம், அதற்குத்தான் தேய்ப்பது. இடைவெளி 0.015 அங்குலம், கமின் (பொயின்றைத் திறக்கும் சுழல் அச்சின் மேடு) உச்சியில் பொயின்ற்றின் குதிகால் நிற்கும்போது அளக்க வேண்டும். பொயின்ற் முகத்தில் எண்ணெய்க் கை படக்கூடாது. கம் மேல் துளி கிறீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் குதிகால் தேய்ந்து இடைவெளி தானாகக் குறைந்துவிடும். முதல் 500 மைல் ஓடியதும் மறுபடி அளக்க வேண்டும்.

டிஸ்ரிபியூட்டரைத் திறந்த கையோடு உள்ளே தட்டில் இருந்து உடம்புக்குப் போகும் சின்னப் பின்னல் வயரைப் பாருங்கள். வக்கியூம் (எஞ்சினின் உறிஞ்சல்) இழுக்கும்போதெல்லாம் தட்டு அசையும், அந்த வயரும் சேர்ந்து ஆடும். காலப்போக்கில் ஒவ்வொரு இழையாக அறுந்து, கடைசியில் ஒரு நூலில் தொங்கும். கொயிலையும் கண்டென்சரையும் மாற்றிக் களைத்தவர்கள் அந்த வயரைப் பார்ப்பதே இல்லை.

பழைய கண்டென்சர் இருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள். ஸ்காபரோ தம்பி புதுக் கண்டென்சரைப் பற்றிச் சொன்னது உண்மை. ஒன்று பழுதானால் பொயின்ற் திறக்கும் இடத்தில் வெள்ளையாகப் பெரிய பொறி தெறிக்கும், இருட்டில் மூடியைக் கழற்றி எஞ்சினைச் சுற்றினால் தெரியும்.

ஸ்காபரோ_மைனர்

பார்த்தீர்களா, பொயின்ற், கண்டென்சர், கிறீஸ், 500 மைலில் மறுபடி அளவு. எலக்ட்ரோனிக் போட்டால் இந்தப் பாடு எதுவுமே இல்லை. நான் போட்ட பிறகு டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்த நினைவே இல்லை.

கராச்சுக்கிழவர் (சாவகச்சேரி)

நீங்கள் சொல்வது ஸ்காபரோவில் சரி. நடுவழியில் நின்றால் ஃபோனை எடுத்துச் சொன்னால் இழுத்துப்போக ஆள் வரும். பொயின்ற் படிப்படியாகத்தான் கெடும், நெருப்புப்பெட்டி உரசியால் தேய்த்துவிட்டு வரலாம். மொடியூல் போனால் போனதுதான். எஞ்சின் நிற்கும்போது சாவியை மறந்து போட்டுவிட்டுப் போனாலே சில மொடியூல்கள் எரியும். ஆனையிறவில் இரவு ஒன்பது மணிக்கு அதற்கு எங்கே போவது?

ஸ்காபரோ_மைனர்

சாவியை மறந்தால் பொயின்ற் மூடிய நிலையில் நிற்கும் காரில் கொயிலும்தான் எரியும், அண்ணை. பழைய பொயின்ற் தட்டை டாஷ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் இரண்டுக்கும் வழி இருக்கிறது. சரி, இது முடியாத வழக்கு.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

பின்னல் வயர் நன்றாக இருக்கிறது. புதுப் பொயின்ற், பழைய கண்டென்சர், பழைய கொயில். இப்போது 50 மைலிலும் தடுமாற்றம் இல்லை.

ஐயா சொன்ன இன்னொன்று மனதில் நின்றது, தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது பற்றி. இந்தக் காரிலும் அப்படி இருக்குமா? ஏற்கெனவே இழுவை கொஞ்சம் மந்தம்தான், எக்ஸோஸ்ற் குழாய் கண்டபடி சூடாகும்.

கராச்சுக்கிழவர் (சாவகச்சேரி)

நீங்களே பிடித்துவிட்டீர்கள். தீப்பொறி பிந்தி விழுந்தால் நெருப்பு எக்ஸோஸ்ற் வால்வ் திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். சக்தி வீணாகும், சூடு முழுவதும் வெளியே வரும். அந்தச் சூடுதான் உங்கள் ரீயில் இருந்த ரப்பரையும் இளக்கியது.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். 12 வோல்ட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் கட்டுங்கள். ஒரு வயர் டிஸ்ரிபியூட்டரில் கொயில் வயர் வந்து பூட்டும் முனையில், மற்றது உடம்பில். சாவியைப் போடுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் அது ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பொயின்ற் திறக்கும் அந்தக் கணத்தில் பல்ப் எரியும். அப்போது எஞ்சினின் முன்புறப் புலியில் (பெல்ற் ஓடும் சக்கரம்) உள்ள வெட்டு, சங்கிலி மூடியில் உள்ள முள்ளுகளில் எதற்கு நேரே நிற்கிறது என்று பாருங்கள். எத்தனை பாகை என்பது கையேட்டில் உங்கள் எஞ்சின் இலக்கத்துக்கு உரியதைப் பார்த்து எடுக்க வேண்டும். 948 இல் உயர் அமுக்கம், தாழ் அமுக்கம் இரண்டும் வந்தன, இரண்டுக்கும் ஒரே அளவு இல்லை.

முதலாம் சிலிண்டர் என்று நினைத்து நாலாம் சிலிண்டரைப் பார்த்துவிடாதீர்கள். எரியும் வரிசை 1, 3, 4, 2. றோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. வால்வ் இடைவெளியையும் அதே நேரத்தில் பாருங்கள், ஆறின எஞ்சினில் 0.012 அங்குலம்.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

பல்ப் எரிந்தது மேல்நிலைப் புள்ளியையும் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) தாண்டிய பிறகு! தொண்ணூறுகளில் வைத்த இடத்திலேயே யாரும் தொடாமல் இருந்திருக்கிறது. கையேட்டின்படி முன்னுக்கு எடுத்தேன். இது வேறு கார். நாவற்குழிப் பாலத்தில் நாலாம் கியரிலேயே ஏறியது. இப்போது ஓடிக்கொண்டு நிற்கும்போது மட்டும் மூச்சு கொஞ்சம் ஒழுங்கில்லை. காபரேற்றரைத் தொடலாமா?

கோவை_அம்பாசடர்

இப்போது தொடலாம். வால்வ், பாயின்ட், டைமிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் எஸ்யூவைத் தொடுவது. நிறைய பேர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

காபரேட்டரின் மேலே இருக்கும் மூடியைத் திருகி எடுத்து, டேஷ்பாட்டில் (உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழி) எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். மெல்லிய இன்ஜின் ஆயில், எஸ்ஏஇ 20 போதும். காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையில்லாமல் இறங்கி, டக் என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும், அடியில் இருக்கும் சின்ன ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே படுத்தால் குறைவு. லேசாகக் கூடி அடங்கினால் சரி. ஜெட்டுக்கு (பெட்ரோல் வரும் துளை) அடியில் உள்ள ஆறுமுக நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள், பிறகு காதால் கேளுங்கள்.

மைனர்தம்பி (யாழ்ப்பாணம்)

டேஷ்பொட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. விட்டேன். நட்டை இரண்டு முகம் இறக்கினேன். நன்றாக நிற்கிறது. காபரேற்றர் மாற்றச் சொன்ன மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, அந்தக் கொயிலை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஞாயிறு பருத்தித்துறைக்கு. அம்மாவும் வருகிறா.

ஹெரால்டு_மெட்ராஸ்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதுவும் 948 சிசி. ஐடிலில் ஏறி ஏறி இறங்குகிறது, சோக் பாதி இழுத்தால் அடங்குகிறது. இங்கே சொன்ன அளவுகளையே வைக்கலாமா?

கோவை_அம்பாசடர்

வேண்டாம். சிசி ஒன்றாக இருந்தாலும் அது வேறு இன்ஜின், உங்களுடையது ஸ்டாண்டர்டு கம்பெனி வடிவம், மைனரில் இருப்பது பிஎம்சி கம்பெனியுடையது. அளவுகளை உங்கள் கையேட்டில் இருந்தே எடுங்கள். சோக் இழுத்தால் அடங்குகிறது என்றால் எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரமாகவும் காபரேட்டர் அடியிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். தடவும் இடத்தில் ஐடில் மாறினால் அங்கேதான். பிரேக் பூஸ்டரோ வேறு வேக்யூம் ஹோஸோ பிற்பாடு யாராவது சேர்த்திருக்கிறார்களா? தனி இழை ஒன்று தொடங்கி, பிளக் நிறத்தையும் எழுதுங்கள், அங்கே பார்க்கலாம்.